முதலில் நிறுத்திக் காட்டு!

பெரம்பலூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் கால் வைத்ததுமே வெங்காய வாசனைக்குப் பதிலாக கிரீஸ் வாசனை வந்தது. அந்தப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை வயலோரம் தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்து, காற்றோட்டமாகச் சேமித்து வைப்பார்கள். அதற்குப் பெயர் பட்டறை. தங்கை பிள்ளை அதை நிஜமான பட்டறையாகவே மாற்றிவிட்டிருந்தான்!

"மோட்டார் சைக்கிள் செய்கிறானாம், அக்கா! கடையில் கிடைக்காத வண்டியா? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றாள் தங்கை.

பையன் கல்லூரியில் இயந்திரப் படிப்புப் படிக்கிறான். அரியலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் எஞ்சினை எடை போட்டு வாங்கியிருக்கிறான். குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்து, சட்டம் செய்திருக்கிறான். சக்கரங்கள் ஒரு வண்டியுடையவை. டாங்க் இன்னொரு வண்டியுடையது. "ஸீட்டு உறை மட்டும் என் தையல் மெஷின் உபயம். கேட்காமலே எடுத்து ஊசியை ஒடித்தான்" என்றாள் தங்கை.

புத்தி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பாருங்கள், நினைவுக்கு வந்தது ஜி. டி. நாயுடுவின் கதை! 1893-இல் கோயமுத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் வெள்ளைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரிதான். கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த 'ரட்ஜ்' வண்டியை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? அக்கக்காகக் கழற்றினார். பிறகு மறுபடி பூட்டினார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். 1937-இல் அவர் கூட்டு முயற்சியில் நம் நாட்டு மின்சார மோட்டாரே உருவாயிற்று.

"ஆகா, நல்ல புத்தி சொன்னீர்கள்!" என்று தங்கை முறைத்தாள்.

அவள் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்லும் வண்டியை ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் தம்முடைய தோட்ட வீட்டில்தான் செய்தார். மரச் சட்டம், பக்கத்துக்கு ஒரு சிறு சக்கரம். 1885 நவம்பரில் அவருடைய மகன் அதை ஓட்டிப் பார்த்தபோது, அடியிலிருந்த எஞ்சினின் சூட்டில் ஸீட்டு தீப்பிடித்ததாம்! அந்தத் தாயின் வயிறு என்ன பாடு பட்டதோ? போதாததற்கு, அரியலூர்ச் சாலைகளில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் வேறு.

"ஏண்டா, இதை எந்த ரோட்டில் ஓட்டப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"ரோட்டிலேயே இல்லை, பெரியம்மா. நம்முடைய களத்தில்தான்" என்றான்.

விஷயம் தெரிந்த பிள்ளைதான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. புது மாதிரி வண்டியானால் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறி வர வேண்டும். வீட்டில் பூட்டிய வண்டிக்கு அது லேசில் நடக்கிற காரியமில்லை. பதிவான வண்டியைக்கூடக் கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சைலன்ஸரை மாற்றிக்கொண்டு தெருவையே எழுப்பும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், காதில் போட்டு வையுங்கள்.

தங்கை சற்று யோசித்தாள். "சரி, ஓட்டு. ஆனால் ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் நிறுத்திக் காட்டு. எஞ்சினைத் தொடாமல், சரிவில் உருண்டு வந்து, நான் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும். பத்துத் தடவை!" என்றாள்.

எனக்குச் சபாஷ் போடத் தோன்றியது. இன்னொரு நிபந்தனையும் போட்டாள். டாங்க்கில் ஓர் ஓட்டையை அடைக்க வெல்டிங் வைப்பதாக இருந்தான். "இன்னும் பெட்ரோல் வாசனை வருகிறதே, அதில் நெருப்பு வைப்பதாவது!" என்று தடுத்துவிட்டாள். காலி டாங்க்கில் பெட்ரோல் இராது, ஆவி இருக்கும். வெடிப்பது அந்த ஆவிதான். வேறு டாங்க் வந்தது.

மறுநாள் காலை. இரண்டு சக்கரமும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, தங்கையின் பூத்தொடுக்கும் நூலையே நீளமாக இழுத்துப் பிடித்தார்கள். நூல் பிடித்தாற்போல் என்கிறோமே, அது இதுதான்! பின்சக்கரம் கொஞ்சம் கோணல். சரி செய்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பத்துத் தடவை உருண்டு வந்து நின்றான். பதினோராவது தடவை எஞ்சினை உதைத்தான்.

புகையும் சத்தமுமாக வண்டி புறப்பட்டதே! களத்தை ஒரு சுற்று வந்தான். தங்கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்து போயிற்று. இரண்டாவது சுற்றில் 'சடக்' என்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது. வண்டியோ வேலியைப் பார்த்துப் போயிற்று. அப்புறம் பிரேக் பிடித்தது. வேலிக்கு நாலு முழம் முன்னால் நின்றது.

நூல் பிடித்துச் சரி செய்த அவசரத்தில், அச்சாணி நட்டை முழுக்க இறுக்க மறந்திருக்கிறான். சக்கரம் நகர்ந்தது, செயின் தொய்ந்தது. பையன் முகம் சுண்டிப் போய், யாரையும் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இனிமேல் இந்தப் பேச்சே கூடாது என்று தங்கை சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"எத்தனை நட்டு என்று ஒரு காகிதத்தில் எழுதி வை. நீ இறுக்கிக்கொண்டே வா, நான் 'டிக்' போடுகிறேன்" என்றாள். பிறகு, "வெங்காய அறுப்புக்குள் பட்டறை எனக்குக் காலியாக வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டே காப்பி போட உள்ளே போய்விட்டாள்.