பெரியப்பாவின் கிணறும் பிரான்ஸ் எல்லையும்

போன மாதம் யாழ்ப்பாணத்தில இருந்து பெரியப்பாவின் குரல்பதிவு வந்தது. "தம்பி, கிணத்துத் தண்ணி உவர்க்கத் தொடங்கீட்டுது. ஆழமா ஒரு குழாய்க்கிணறு அடிச்சால் நல்லம் எண்டு சொல்லுகினம். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து பாத்தியள் எண்டால்..." நாலு பேர் என்றால் கனடாவில அண்ணா, லண்டனில இரண்டு அக்காமார், ஜெனீவாவில நான். ஒரு மணித்தியாலத்துக்குள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவில காசுக்கணக்குத் தொடங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மகளோட ஆர்வ் ஆற்றங்கரையில நடந்தேன். வெஸ்ஸியில இருக்கிற கட்டடத்தைக் காட்டி "இது என்ன அப்பா?" என்றாள். ஆற்றுத் தண்ணியை வடிகட்டி நிலத்துக்குள்ள விடுகிற இடம் என்றேன். "நிலத்துக்குள்ள இருக்கிற தண்ணி எங்களுடையதா, பிரான்சுடையதா?"

நல்ல கேள்வி. இரண்டு பேருடையதும்தான். ஜெனீவா நகருக்குக் கீழ இருக்கிற நீர்ப்படுகை எல்லை தாண்டிப் பிரான்சுக்குள்ளயும் போகிறது. 1960களில் இரண்டு பக்கமும் கேட்பாரில்லாமல் இறைத்தார்கள். 1971இல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி 40 லட்சம் கன மீட்டர். அது தாங்கக்கூடியதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 20 வருசத்தில நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல இறங்கினது.

1978இல் ஜெனீவா மாநிலமும் பிரான்சின் ஓத்-சவோய் மாவட்டமும் ஒப்பந்தம் செய்தன. பெர்னும் பாரிசும் இல்லை, பக்கத்துப் பக்கத்து நிர்வாகங்கள். பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் கொண்ட ஒரு குழு. எல்லாக் கிணறுகளிலும் நீர்மானி. யார் எவ்வளவு எடுத்தார்கள், மட்டம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆற்று நீரை உள்ளே விடுகிற செலவைக்கூட அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2008இல் இன்னும் 30 வருசத்துக்குப் புதுப்பித்தார்கள். உலகத்தில் இப்படி நாட்டெல்லை தாண்டிக் கிடக்கிற படுகைகள் 2021 வரைபடத்தில் 468. நீரைப் பகிர ஒப்பந்தம் உள்ளவற்றை விரல் விட்டு எண்ணலாம்.

எங்கட தொழிலில, லொக் பார்க்காமல் சேர்வரில கை வைக்கிறவனைத் திட்டுவோம். ஊர்க் கிணறு என்றதும் நாங்களே பார்க்காமல் காசு அனுப்புகிறோம். நானும் முன்பு அனுப்பியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள்ள இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிறது. அதுதான் எங்கட நல்ல தண்ணி. ஆழமாய்த் துளைத்து வேகமாய் இறைத்தால் உப்பு மேல ஏறும். பெரியப்பாவின் கிணற்றில மட்டும் இல்லை, பக்கத்து வளவிலயும்தான். கல் ஒன்றுதானே.

இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். "காசு தர விருப்பமில்லையெண்டால் நேரச் சொல்லு தம்பி" என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கதையில்லை. பெரியம்மாதான் சமாதானம் செய்தா. தண்ணியின் உப்பை அளக்கிற சின்னக் கைக்கருவி ஒன்று வாங்கி அனுப்பினேன், விலை ஒரு பீட்சாவை விடக் கொஞ்சம் கூட. வாளிக் கயிற்றில அடிக்கொரு முடிச்சுப் போடச் சொன்னேன். கிழமைக்கு ஒருக்கா, விடிய, மோட்டர் போடமுதல் அளக்கவேணும்.

நேற்றுச் சுவர்க் கலண்டரின் படம் வந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமைகளில பெரியப்பாவின் கையெழுத்து: எத்தனை முடிச்சு, எவ்வளவு உப்பு. மகள் அதைக் கணினியில ஏற்றினாள். இன்னொரு நிரல் போட்டு வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு.

"அவையிட்டக் கேட்டியளோ பெரியப்பா?"

"வேலிச் சண்டைக்குப் பிறகு பதினொரு வருசமா முகம் பாக்கிறேல்லை."

அண்ணா தன் பங்குக் காசை அனுப்பிவிட்டார். துளைக்கிறவர் தைப்பொங்கல் முடிய வருகிறாராம். அதுக்கிடையில பெரியம்மா பலகாரத் தட்டோட வேலிக்கு அங்கால போய்ப் பார்க்கிறேன் என்கிறா.