இரண்டு அங்குலம்

எதிராளி அடித்த பந்து உங்கள் பக்கத்துக் கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே விழுகிறது. அம்பயர் கிடையாது. சிறுவர் போட்டிகளில் உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் நீதிபதி. ‘அவுட்’ என்று கையைத் தூக்கினால் புள்ளி உங்களுக்கு. அதில் பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை. ஆனாலும் தூக்கக் கூடாது, உள்ளே விழுந்ததாகவே வைத்துக்கொண்டு திருப்பி அடிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எதிராளி கோட்டுக்குள் விழுந்த பந்தை ‘அவுட்’ என்று ஏமாற்றினால் அதற்கும் வாய் திறக்கக் கூடாது. பக்கம் மாறும்போது கிடக்கிற பந்துகளைப் பொறுக்கி எதிராளியின் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பயிற்சியாளரின் பெயர் ராபர்ட் வால்டர் ஜான்சன். ஊர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க். கறுப்பினத்தவர். டாக்டர் ஜான்சன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிஜமாகவே நாடி பிடித்து மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர். லிஞ்ச்பர்க் பொது மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க அனுமதிக்கப்பட்ட முதல் கறுப்பின மருத்துவரும் அவரே. டென்னிஸ் சொல்லிக்கொடுத்ததற்கு அவர் பிள்ளைகளிடம் ஒரு காசு வாங்கியதில்லை. தங்க இடம், சாப்பாடு, போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் பெரும்பாலும் அவர் சட்டைப் பையிலிருந்துதான்.

1899இல் பிறந்தவர். லிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அமெரிக்கக் கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர். அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ‘சூறாவளி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள், அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கால்பந்து ஆடும் வயது போன பிறகு உடம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கத்தான் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் விடவில்லை. பியர்ஸ் தெருவில் இருந்த வீட்டை ஒட்டியே ஒரு கோர்ட் போட்டுக்கொண்டார். சாயங்காலம் நோயாளிகள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே ஆட்டம் நடக்கும்.

அந்தக் காலத்து அமெரிக்க டென்னிஸ் இரண்டு உலகங்களாக இருந்தது. அமெரிக்க லான் டென்னிஸ் சங்கம் வெள்ளையர்களுடையது. அதன் போட்டிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதனால் 1916இலேயே அவர்கள் அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் என்று தனிச் சங்கம் தொடங்கித் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் தங்களைவிடச் சிறந்தவர்களோடு மோதாமல் ஆட்டம் ஓரளவுக்கு மேல் வளராது.

இது டாக்டருக்கு உறைத்த இடம் சார்லட்ஸ்வில். வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி அங்கே நடக்கும். 1950களின் தொடக்கத்தில் அதை நடத்துகிறவர்களிடம் நேராகப் போய், கறுப்பினப் பையன்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள். போன இரண்டு பையன்களும் முதல் சுற்றிலேயே துடைத்தெறியப்பட்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் கதவு திறந்ததே போதும் என்று திருப்திப்பட்டிருப்பார்கள், அல்லது பேசாமல் இருந்திருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து ஒரு முடிவு செய்தார்: அந்தக் கோப்பையை ஒரு கறுப்பினப் பையன் வெல்ல வேண்டும், அதற்கான பையனை நான் தயார் செய்வேன். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அப்படித்தான் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பியர்ஸ் தெரு வீடு பிள்ளைகளால் நிறைந்தது. அங்கே போனதும் மட்டையைக் கொடுத்துவிட மாட்டார்கள். தோட்டத்தில் களை பிடுங்க வேண்டும், நாய்க்கூண்டைக் கழுவ வேண்டும், கோர்ட்டைப் பராமரிக்க வேண்டும். ஒரு பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதை அடிக்க மட்டை கிடையாது, நறுக்கிய துடைப்பக் கட்டைதான். கட்டையின் அகலம் எவ்வளவு இருக்கும்? கண் பந்தைவிட்டு ஒரு நொடி விலகினாலும் வீச்சு காற்றில் போய்விடும். துடைப்பக் கட்டையால் அடிக்கப் பழகியவனுக்கு மட்டையின் முகம் பிறகு தாம்பாளம் மாதிரி தெரியும். இன்றைக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் அகாடமிகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துடைப்பக் கட்டை ஞாபகம் வந்துவிடுகிறது.

1953 கோடையில் ரிச்மண்ட் நகரத்திலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஒல்லிக்குச்சி. தாய் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய ஒரு பூங்காவின் காவலாளி அவன் தகப்பனார். அவர்களது வீடே அந்தப் பூங்காவுக்குள்தான், வாசலை விட்டு இறங்கினால் டென்னிஸ் கோர்ட். அங்கே விளையாட வந்த ரான் சாரிட்டி என்ற கல்லூரி இளைஞர்தான் அவனுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், டாக்டரிடம் அனுப்பி வைத்தவரும் அவரே. பையன் பெயர் ஆர்தர் ஆஷ்.

வந்த சில நாட்களிலேயே தகராறு. டாக்டரும் அவர் மகனும் ஒரு விதமாக அடிக்கச் சொன்னால், ரான் சாரிட்டி அப்படிச் சொல்லித்தரவில்லையே என்பான் பையன். பத்து வயதில் அந்தப் பிடிவாதம். டாக்டர் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. ரிச்மண்டுக்குப் போன் போட்டார். அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்தார், மகனிடம் விவரம் கேட்டார். இப்போது உனக்குச் சொல்லித்தருகிறவர் டாக்டர் ஜான்சன், அவர் சொல்கிறபடி செய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதோடு சரி. அதற்குப் பிறகு 1960 வரை ஒவ்வொரு கோடையும் ஆஷ் அங்கேதான். டாக்டர் சொன்னதை அவனைப் போல அப்படியே கடைப்பிடித்த இன்னொரு சீடன் இல்லை என்று பேர் வாங்கினான்.

இப்போது அந்த இரண்டு அங்குல விதிக்கு வருகிறேன். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயமாகத் தனக்கு வர வேண்டிய புள்ளியைக்கூட விட்டுக்கொடு, ஏமாற்றினாலும் சிரி என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன பயிற்சி? சாப்பாட்டு மேசையில் எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்பதுவரை டாக்டர் பாடம் நடத்தினார். மாமியார் வீட்டுக்குப் போகும் புது மருமகளுக்கு அம்மா சொல்லி அனுப்புகிற புத்திமதிகள் மாதிரியே இருக்கிறது இந்தப் பட்டியல். அதில் இருக்கிற பயமும் அதே பயம்தான்: ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், அதைச் சாக்காக வைத்து வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

டாக்டர் போட்ட கணக்கைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணிகிறது. தெற்கத்திய வெள்ளையர் கிளப் ஒன்றில் ஒரு கறுப்பினப் பையன் ‘அவுட்’ என்று கத்தினால், வேலிக்கு வெளியே இருக்கும் பெற்றோர்கள் பந்தைப் பார்க்க மாட்டார்கள், பையனின் தோலைத்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு வாக்குவாதம் போதும். அடுத்த ஆண்டு அழைப்பு வராது. அந்தப் பையனுக்கு மட்டும் அல்ல, அவனுக்குப் பின்னால் வரக் காத்திருக்கும் எவனுக்கும் வராது. ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டின் அழைப்பை அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அவரல்லவே, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

சென்னையில் சிறுவர் போட்டிகள் நடக்கும் இடங்களில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டத்தைவிட அம்மா அப்பாக்களைப் பார்ப்பதுதான் சுவாரசியம். “லைன்ல பட்டுச்சு, விடாதடா!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். உள்ளே இருக்கிற பிள்ளை பந்தைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழிக்கும். அந்த அப்பாக்களில் யாரிடமாவது இரண்டு அங்குல விதியைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களது பிள்ளை தோற்றால் அது அந்தப் பிள்ளையின் தோல்வி மட்டும்தான்.

இந்த விதிகளோடு எளிதில் ஒத்துப்போகாத ஒருவரும் டாக்டரின் வீட்டில் இருந்தார். ஆஷுக்கு முன்னால் வந்தவர், ஆல்தியா கிப்சன். நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் வளர்ந்த பெண். நெடுநெடுவென்ற உயரம், பயம் என்றால் என்னவென்றே தெரியாத பேச்சு. 1946இல் கறுப்பினத்தவருக்கான தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்களுக்கு ஜெயித்தவரைவிடத் தோற்றவர்மேல்தான் கண் விழுந்தது. ஒருவர் ஜான்சன், இன்னொருவர் வட கரோலினாவின் வில்மிங்டனைச் சேர்ந்த ஹியூபர்ட் ஈட்டன். பள்ளி நாட்களில் ஈட்டன் வீட்டில் தங்கிப் படிப்பை முடிப்பது, கோடையில் ஜான்சனோடு ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடுவது என்று ஏற்பாடு. கலப்பு இரட்டையரில் டாக்டரே கிப்சனின் ஜோடியாக ஆடிப் பலமுறை பட்டம் வென்றிருக்கிறார். 1950இல் அமெரிக்க தேசியப் போட்டியில் கிப்சன் காலடி வைத்தார், கறுப்பினத்தவரில் முதல் ஆள். 1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள். விம்பிள்டன் தட்டை எலிசபெத் ராணி கையால் வாங்கினார்.

கிப்சனை அடக்க ஒடுக்கமானவர் என்று அன்றைக்கு யாரும் எழுதவில்லை. அவரும் ஜெயித்தார். ஆக, விதிகளால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல வழியில்லை. இரண்டு சீடர்களுக்கும் பொதுவாக இருந்தது, போட்டிக்குப் போட்டி காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வழியில் நினைத்த ஓட்டலில் நிறுத்திச் சாப்பிட முடியாத காலம் அது.

சார்லட்ஸ்வில் கணக்கு 1961இல் தீர்ந்தது. பள்ளி மாணவர்களுக்கான அந்தக் கோப்பையை ஆர்தர் ஆஷ் வென்றார். டாக்டர் காத்திருந்தது ஏறக்குறைய பத்து ஆண்டுகள். 1968இல் முதல் யு.எஸ். ஓப்பன். ஆஷ் அப்போது ராணுவத்தில் லெப்டினன்ட், தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. இறுதியில் டச்சுக்காரரான டாம் ஓக்கரை வென்றார். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் 14,000 டாலர் தோற்ற ஓக்கருக்குப் போயிற்று, ஆஷுக்குத் தினப்படி மட்டும். டாக்டர் இதைப் பார்க்க இருந்தார். 1971 ஜூனில் காலமானார். சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் அவருக்கு இடம் கொடுக்க 2009 வரை ஆயிற்று. அந்தத் தாமதத்தைப் பற்றி ஒரு பத்தியே தனியாக எழுதலாம்.

1975 விம்பிள்டன் இறுதியைப் பார்த்திருந்தால் டாக்டர் ரசித்திருப்பார். எதிரே ஜிம்மி கானர்ஸ், எல்லோரும் அவர்தான் ஜெயிப்பார் என்று எழுதிவிட்டார்கள். கானர்ஸுக்கு வேகமான பந்து வேண்டும், அந்த வேகத்தை வைத்தே திருப்பி அடிப்பார். ஆஷ் வேகத்தையே கொடுக்கவில்லை. மெதுவாக, தாழ்வாக, அகலமாக ஆடினார். பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4. களத்துக்கு வெளியே அவர் வாய் மூடி இருந்தவரும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் நின்று 1985இல் கைதானவர்.

களத்துக்குள் அந்தப் பொறுமை உடைந்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்த பெரிய சம்பவம் ஒன்றுதான். அதே 1975, நவம்பர் கடைசி, ஸ்டாக்ஹோமில் மாஸ்டர்ஸ் போட்டி. எதிராளி ருமேனியாவின் இலி நஸ்டாசே. ஆட்டத்தில் மேதை, சேட்டையில் அதற்கும் மேலே. சர்வீஸ் போடாமல் பந்தைத் தட்டித் தட்டி, தயாரா மிஸ்டர் ஆஷ், தயாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது செட்டில் ஆஷ் 4-1 என்று முன்னால் இருந்தார். போதும் என்று மட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நடுவருக்கு நஸ்டாசேயைத்தான் நீக்கும் எண்ணம் இருந்தது. அதற்குள் இவர் வெளியேறிவிட்டதால் இருவரையும் நீக்கும்படி ஆயிற்று. மறுநாள் பேசி, வெற்றியை ஆஷுக்குக் கொடுத்தார்கள். நஸ்டாசே ரோஜாப் பூக்களைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். குழுச் சுற்று என்பதால் அவர் போட்டியில் நீடித்தார், இறுதியில் ஸ்வீடனின் பியோர்ன் போர்கை வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் உயிரோடு இருந்திருந்தால் நஸ்டாசேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். 4-1 என்று முன்னால் நிற்கிறவன் எதற்காக வெளியே வந்தாய் என்றுதான் கேட்டிருப்பார்.