புளி போட்டுத் தேய்க்காதீங்க!



பழைய காசு கிடைத்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளன்னு தேய்ப்போம். அது தப்பு என்பது என் கருத்து. அந்தத் தப்பை நானே செய்ததால்தான் எழுதுகிறேன்.

எங்க அப்பத்தாவிடம் ஓர் ஓட்டைக் காலணா இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு. 1943 முதல் 1947 வரை வந்தது. அப்பத்தா பிறந்தப்ப, அந்த வருஷத்துப் புதுக்காசு என்று அவங்க அம்மா அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினாங்களாம். போன பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது நான் அதைத் தேய் தேய் என்று தேய்த்தேன். காசு மின்னியது. ஆனால் ஏற்கெனவே மங்கி இருந்த வருஷத்தில் 194 மட்டும் நிற்குது, கடைசி எண் போயிடுச்சு!

அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பிறந்த தேதி எழுதிய தாளும் இல்லை. ஆதாரில் இருப்பது குத்துமதிப்பு வயசு. சரியான வருஷம் அந்தக் காசில்தான் இருந்தது. நானாவது தேய்க்கும் முன்னாடி படித்துப் பார்த்திருக்கலாம். "போனாப் போகுது, விடு பாப்பா"ன்னு அப்பத்தா சொன்னாங்க. எனக்குத்தான் மனசு ஆறலை.

காசில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கு. வருஷத்துக்குக் கீழே பாருங்க. வைர வடிவம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்த்தால் முதலில் போவது இந்தக் குறிகள்தான்.

தேய்ப்பது மட்டுமா? டப்பா மூடி நெம்புகிறோம். திருகாணி முடுக்குகிறோம். ஓட்டைக் காலணாவை வாஷராக மாட்டியவர்களும் உண்டு. காந்தம் ஆகும் என்று தண்டவாளத்தில் வைக்கிறான்கள் சில பையன்கள். காசு தகடாகும், காந்தம் ஆகாது. உயிருக்கும் ஆபத்து.

"25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் 2011-லேயே செல்லாமப் போச்சே, அதை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் ராஜா முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு இருந்தது. மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யாராவது அதைப் பளபளப்பாக்க அராவியிருந்தால் அந்த வெட்டும் தெரியாது, ராஜாவும் தெரியாது. செல்லாத காசும் பேசும். அதன் வாயை நாம் அடைக்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தீட்டுங்கள். குறி, வருஷம் எல்லாம் தாளில் வந்துவிடும். காசுக்கு ஒரு கீறலும் விழாது. பக்கத்தில் அது யாருடையது, எப்படி வந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் இதே சுவரில் எல்லாருடைய தாளையும் ஒட்டலாமே!

என் தாளில் 194 என்றுதான் இருக்கும். உங்கள் தாளிலாவது நாலு எண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி