சட்டை போதும், முதல்ல செருப்பை மாத்துங்க!

சாணார்பட்டி பஸ் நிறுத்தத்தில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். திண்டுக்கல் பஸ்சுக்குக் காத்து நிற்கும் வாலிபர்களின் சட்டை பளபளக்கிறது. பேண்ட் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. காலில்? தேய்ந்துபோன ரப்பர் செருப்பு! அறுந்த வாருக்கு ஊக்கு வேறு!

கையில் ஆயிரம், இரண்டாயிரம் சேர்ந்தால் உடனே சட்டை எடுக்க ஓடுகிறார்கள். இது தலைகீழ் கணக்கு. வீட்டில் ஏற்கனவே நாலு சட்டை தொங்குகிறது. ஐந்தாவது சட்டையை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கிப் போட்டால், அந்தப் பழைய நாலு சட்டையுமே புதுசு மாதிரி தெரியும். வேலைக்கு இன்டர்வியூ போகிறவரும் சரி, பெண் பார்க்கப் போகிறவரும் சரி, காலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் திண்டுக்கல் தோலுக்குப் பேர்போன ஊர்! தோல் ஷாப் கழிவால் கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, திண்டுக்கல் உள்பட 5 மாவட்டத் தோல் ஷாப்புகளுக்குத் தலா ரூ.10 ஆயிரம் அபராதம் போட்டது. தண்ணீரைப் பறிகொடுத்தது இந்த ஜனங்கள். தோல் பூட்ஸ் ஆவது ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும். அதைப் போட்டு நடப்பது வெளிநாட்டுக்காரன்! தோல் பதனிட்ட ஊர்க்காரன் காலில் ரப்பர்!

கிண்டல்

காசு இருந்தும் ஷூ வாங்காதவர்கள் உண்டு. காரணம் டீக்கடை பெஞ்சு. "என்னப்பா, கலெக்டர் ஆபீசுக்கா?" என்று ஒருத்தர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். அவ்வளவுதான், மறுநாள் பழையபடி செருப்பு.

இதை வெறும் தமாஷ் என்று விட முடியாது. இன்னார்தான் இன்னதைப் போடலாம் என்று சட்டம் பேசிய காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்களுக்கு ஆதிக்க சாதியினர் 8 தடை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. குடை பிடிக்கக்கூடாது. செருப்பு போடக்கூடாது! மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

அது வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர் கிராமம். அங்கே ஒரு தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பு போட்டு நடக்க முடியாத நிலை இருந்தது. 2023 டிசம்பரில் சுமார் 60 பேர் செருப்புக் காலோடு அந்தத் தெருவில் நடந்து காட்டினார்கள். காலில் செருப்பு போடுவதற்கு ஒரு போராட்டம்!

ஆகவே ஒரு கூலிக்காரர் மகன் பளபள என்று ஷூ போட்டு பஸ் ஏறினால், பெஞ்சில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பதே மரியாதை.

எப்படி வாங்குவது?

கறுப்பு நிறம், கயிறு கட்டும் ஷூ முதலில் போதும். கல்யாணத்துக்கும் ஆகும், ஆபீசுக்கும் ஆகும். பெல்ட்டும் கறுப்பாக இருக்கட்டும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் போட்டது உழைக்கும். வெறும் பசை ஒட்டியது மழைக்கு வாய் பிளக்கும்.

விலை 499, 999 என்று 'பாட்டா விலை'யாகத்தான் இருக்கும். அதில் மயங்க வேண்டாம். ஆனால் வரி குறைந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஷூவுக்கு முன்பு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ரூ.2,500 வரை 5 சதவீதம்தான். பில்லில் பார்த்து வாங்குங்க.

கடைக்குச் சாயங்காலம் போவது நல்லது. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ ராத்திரி கடிப்பது இதனால்தான். இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள் பத்து அடி நடந்து பார்க்க வேண்டும். சாக்சை வீட்டில் இருந்தே கொண்டு போங்க. கடைக்காரர் கொடுக்கும் சாக்ஸ் எத்தனை பேர் காலைப் பார்த்ததோ!