முட்டைக்குக் கணக்குண்டு, தாய்க்குக் கணக்கில்லை

ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று இந்திய மீன்வள நிறுவனங்களில் தேசிய மீன் விவசாயிகள் நாள் கொண்டாடப்படுகிறது. 1957ஆம் ஆண்டு அதே நாளில், ஒடிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றிய கே. எச். அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழி செலுத்திப் பெருங்கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். அந்த வெற்றியின் பெருமையை மறுப்பார் எவருமிலர். மறுக்கப்பட வேண்டியது, அந்த வெற்றியோடு கெண்டையின் இனப்பெருக்கச் சிக்கல் முடிந்துவிட்டது என்று வகுப்பறைதோறும் ஓதப்பட்டுவரும் பாடமே. அன்று தீர்ந்தது முட்டையின் சிக்கல். பெற்றோரின் சிக்கல் அன்றுதான் தொடங்கியது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் வளர்த்தாலும் அவற்றின் சினை முற்றும். ஆண்மீனில் விந்து ஊறும். ஆயினும் தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. பருவமழையில் ஆறு கரைபுரண்டு, கலங்கிய புதுநீர் தாழ்ந்த நிலங்களில் பரவும்போது மீனின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சினைப்பையை எட்டுகிறது. முட்டை இறுதி முதிர்ச்சி பெற்று வெளிப்படுகிறது. குளத்தில் இந்தத் தூண்டுதல் நிகழ்வதில்லை; டோபமைன் என்னும் வேதிப்பொருள் அதற்குத் தடையாகவும் நிற்கிறது. பருவம் கடந்தால் முற்றிய முட்டைகளை மீனின் உடலே மீண்டும் உட்கொண்டுவிடுகிறது. வெட்டுண்ட கெண்டையின் தலையிலிருந்து பிட்யூட்டரியை எடுத்து, அதன் சாற்றை உயிருள்ள மீனுக்கு ஏற்றியபோது, ஆற்று வெள்ளம் செய்துவந்த வேலையை ஊசி செய்து முடித்தது.

அதற்கு முன்பு குஞ்சு வந்த வழி வேறு. கங்கைச் சமவெளியில், வெள்ளக்காலத்தில் ஆற்றோரம் வலைகட்டி, நீரோடு மிதந்துவரும் நுண்குஞ்சுகளை வடித்தெடுத்துக் குளக்காரர்களுக்கு விற்றனர். மேற்கு வங்கத்தின் பாங்குரா, மிட்னாப்பூர் பகுதிகளில், மேட்டுநில மழைநீர் பாய்ந்து நிறையும் 'பந்த்' எனும் நீர்நிலைகளில் ஆற்று வெள்ளத்தின் சூழலைத் தம் பட்டறிவால் உண்டாக்கிக் கெண்டைகளை முட்டையிட வைத்தவர்களும் இருந்தனர். ஆற்றுக்குஞ்சுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. வேண்டிய மீனோடு வேண்டாத மீனும், பிற குஞ்சுகளைத் தின்னும் மீனும் கலந்தே வரும். ஆனால் ஒரு பானைக் குஞ்சுக்குள்ளே எண்ணற்ற தாய்தந்தையரின் வழிவந்தவை இருந்தன. அந்தப் பன்மையை யாரும் திட்டமிட்டுக் காக்கவில்லை, ஆறு காத்தது. ஊசி வந்தபின் ஆற்றின் அந்தப் பொறுப்பு மனிதரின் கைக்கு மாறியது. மாறியதைத் துறை கவனிக்கவில்லை என்பதே இங்குள்ள குற்றச்சாட்டு.

கணக்கிட்டுப் பார்த்தால் குற்றத்தின் அளவு விளங்கும். ரோகு மீன் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 இலட்சம் முட்டைகளை ஈனும். ஒரு பொரிப்பகத்தின் ஆண்டு இலக்கு 50 இலட்சம் நுண்குஞ்சு என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோ எடையுள்ள பத்துப் பெண்மீன்கள் இட்ட முட்டைகளே, அழிவன போக, அந்த இலக்கை எட்டப் போதும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதப்படி இருபது ஆண்மீன்கள் வேண்டும். நல்ல தீவனம் தந்து பேணினால் அதே பெண்மீனை ஒரே பருவத்தில் மீண்டும் முட்டையிடச் செய்யவும் இயலும். அப்போது பத்து ஐந்தாகிவிடும். தாய்மீனுக்குத் தனிக் குளம் வேண்டும், தீவனம் வேண்டும், ஆண்டு முழுதும் காவல் வேண்டும். ஆகவே தாய்களின் தொகையைக் குறைப்பது பொரிப்பகத்துக்கு இலாபம். ஊசி எவ்வளவு திறம்பட வேலை செய்கிறதோ அவ்வளவு குறைந்த தாய்கள் போதும்.

இனி, மரபியல் பயிலும் முதுகலை மாணவர் அறிந்த கணக்கு ஒன்று. ஆண்களின் தொகையையும் பெண்களின் தொகையையும் பெருக்கி, அதை மேலும் நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பயனுறு இனத்தொகை. அதன் இருமடங்கால் ஒன்றை வகுத்தால், ஒரு தலைமுறையில் ஏறும் உட்கலப்பு கிடைக்கும். உட்கலப்பு என்பது நெருங்கிய உறவுகளுக்குள் நிகழும் இனச்சேர்க்கை. பத்துப் பெண், இருபது ஆண் எனில் பயனுறு இனத்தொகை 27க்கும் குறைவு. தலைமுறைக்கு ஏறும் உட்கலப்பு 1.9 விழுக்காடு. வெளியிலிருந்து ஒரு மீனையும் சேர்க்காமல் பத்துத் தலைமுறை இவ்வாறே சென்றால் அது 17 விழுக்காட்டை எட்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: தந்தை ஒன்றும் தாய் வேறுமான உடன்பிறப்புகள் இணைந்தால் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு 12.5 விழுக்காடு. ஒரு வறட்சி ஆண்டில் ஒரு பெண்ணும் இரண்டு ஆணும் மட்டும் எஞ்சி, அவற்றின் குஞ்சுகளே அடுத்த தலைமுறைத் தாய்தந்தையர் ஆயின், ஒரே தாவலில் ஏறுவது 18.75 விழுக்காடு.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமன்று. கர்நாடகத்தின் பொரிப்பகங்களை ஆராய்ந்து ஏக்நாத், டாயில் இருவரும் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, அங்குத் தலைமுறைக்கு 2 முதல் 17 விழுக்காடு வரை உட்கலப்பு ஏறுவதாக மதிப்பிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் அவர்களே வேறொரு கேட்டையும் சுட்டியிருந்தனர். பண்ணையாளர் எந்த மீனை விற்கிறார், எந்த மீனைச் சினைக்காக வைத்துக்கொள்கிறார் என்பதே ஒரு தேர்வு. விரைந்து வளர்ந்த மீன் நல்ல விலைக்குச் சந்தைக்குப் போய்விட, பின்தங்கியவை குளத்தில் தங்கித் தாய்மீன்களாகும்போது, மந்தமான வளர்ச்சியே அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகிறது. நெல் உழவர் எவரும் சாவியை விதைக்கு எடுத்துவைப்பதில்லை. மீனில் அது எவர் கண்ணிலும் படாமல் நடக்கிறது.

மூன்றாவது கேடு கலப்பினம். பெருங்கெண்டைகள் இனம் தாண்டிச் சேர்ந்தாலும் குஞ்சு பிறக்கும். ரோகுவுக்கும் கட்லாவுக்கும் பிறந்த கலப்பினம் மலடும் அன்று. இடமும் நேரமும் மிச்சப்படுத்த ஒரே தொட்டியில் பல இனங்களுக்கும் ஊசி போட்டு விட்டுவிட்டால் எது எதனோடு சேர்ந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது. அந்தக் கலப்பினம் ரோகு என்ற பெயரில் வளர்ந்து, ரோகு என்ற பெயரில் சினைமீனாகி, ரோகு என்ற பெயரிலேயே அடுத்த தலைமுறையை ஈனுகிறது.

இவ்வளவும் மறைந்துகிடப்பதில் சொல்லுக்கும் பங்குண்டு. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை ஆற்று மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டபோது ரோஹிதா, கட்லா, மிர்கலா, கல்பாசு என்று அம்மண்ணில் வழங்கிய பெயர்களையே அறிவியல் பெயர்களாக்கினார். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் இது இன்ன மீன் என்று பிரித்துக் காட்டின. இன்றைய துறைச்சொல்லோ 'மீன்விதை'. இந்தியில் 'மத்ஸ்ய பீஜ்'. ஆங்கிலத்தில் 'ஃபிஷ் சீட்'. எண்ணப்படவும் அளக்கப்படவும் விற்கப்படவும் ஏற்ற பண்டப்பெயர் அது. அதற்குள் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. வங்காளத்தில் நுண்குஞ்சைக் கிண்ணத்தால் அளந்து விற்கும் வழக்கம் உண்டு. அரசு அறிக்கைகளில் அதே குஞ்சு இலட்சங்களாகவும் கோடிகளாகவும் தோன்றுகிறது. இரண்டிலும் ஒரே அளவுகோல்தான்: எத்தனை. எவற்றின் வழி வந்தவை என்ற கேள்விக்கு இடமே இல்லை.

பயிர்த்தொழிலிடமிருந்து விதை என்ற சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அதன் கடமையைக் கடன் வாங்கவில்லை. பயிர்களுக்கென விதைச் சட்டம் 1966ஆம் ஆண்டே வந்துவிட்டது. சான்றளிக்கப்பட்ட நெல்விதை மூட்டையில் இரகத்தின் பெயரும் முளைப்புத்திறனும் குறித்த அட்டை தொங்கும். அச்சட்டத்தின் வரம்பில் மீன்குஞ்சு இல்லை. அசாம் 2005இலும் கேரளம் 2014இலும் மீன்விதைக்கெனத் தனிச் சட்டம் இயற்றின. அவை பாராட்டத்தக்கவை. ஆனால் குஞ்சு மாநில எல்லையில் நின்றுவிடும் பண்டமன்று. ஆக்சிஜன் நிரப்பிய நெகிழிப்பையில் இரவோடிரவாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. பையில் என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லே சான்று.

இதன் சுமையைத் தாங்குபவர் சிறு பண்ணையாளர். மிகச் சிறிய நுண்குஞ்சில் தூய ரோகு எது, கலப்பினம் எது என்பதை அவரால் பிரித்தறிய இயலாது. பத்து மாதம் தீவனமிட்டு, குத்தகைப் பணம் கட்டி, அறுவடை நாளில் மீன் எடை சேரவில்லை என்றால் அவர் பழிப்பது தண்ணீரை, அடுத்துத் தீவனத்தை, கடைசியில் தன் கைராசியை. விரிவாக்க அலுவலரும் அவரிடம் நீரின் காரத்தன்மையை அளந்து சொல்வார். சுண்ணாம்பு போடச் சொல்வார். அறிவுரை தவறன்று. ஆயின் பிழை குளத்துக்கு வருமுன்பே நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை அவருக்குச் சொல்வார் இல்லை.

சொல்லியிருக்க வேண்டியது பல்கலைக்கழகம். அங்கே தூண்டுமுறை இனப்பெருக்கம் என்ற தலைப்பில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. பிட்யூட்டரிச் சாறு எத்தனை மில்லிகிராம், செயற்கை ஹார்மோனும் டோபமைன் தடுப்பியும் சேர்ந்த ஓவாப்ரிம் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணிநேரத்தில் முட்டை, எத்தனை விழுக்காடு பொரிப்பு என்பனவே அட்டவணைகள். ஒரு பருவத்தில் முடிந்துவிடும், ஒரு கட்டுரையாகும். தாய்மீன்களின் வம்சத்தைத் தொடர்வதற்கோ தலைமுறைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் வேண்டும். உதவித்தொகையின் காலம் அதற்கு இடந்தராது. ஆய்வின் கேள்வியை மீனின் வாழ்நாள் தீர்மானிக்கவில்லை, நிதியாண்டு தீர்மானிக்கிறது. இதை மாணவரின் குற்றமாக்குவது அநியாயம். தலைப்பை வழங்குபவரும் ஆய்வேட்டை மதிப்பிடுபவரும் பொறுப்பேற்க வேண்டும்.

எதிர்வாதங்கள் மூன்று எழும். முதலாவது, நாட்டின் மீன் உற்பத்தி ஏறிக்கொண்டே போகிறதே என்பது. உற்பத்தி ஏறப் பரப்பு விரியலாம், தீவனம் மிகலாம், குளத்துக்குள் விடும் குஞ்சின் தொகை கூடலாம். மொத்த விளைச்சல் தனிக்குஞ்சின் தரத்துக்குச் சான்றாகாது. தரக்குறைவை மறைக்கும் திரையாகவும் ஆகலாம்.

இரண்டாவது, சிறு பொரிப்பகத்தால் நூறு தாய்தந்தையரைப் பேண இயலாது என்பது. உண்மை. ஆனால் அண்டைப் பொரிப்பகங்கள் தம்முள் ஆண்மீன்களை மாற்றிக்கொள்ள இயலும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றைத் தம்முள் சேர்க்காமல் பிரித்து வைக்க இயலும். இன்ன மீன், இன்ன ஆண்டு, இன்ன இடத்திலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பேடு எழுத இயலும். உறைநிலையில் காத்த விந்தை அரசுப் பண்ணைகள் வழங்க இயலும். ஐம்பது பெண்ணும் ஐம்பது ஆணும் பங்கேற்றால் தலைமுறைக்கு உட்கலப்பு அரை விழுக்காடு மட்டுமே. பத்துப் பொரிப்பகங்கள் சேர்ந்தால் அந்தத் தொகை எட்டாக் கனியன்று.

மூன்றாவது, மேம்படுத்திய இரகங்கள் வந்துவிட்டனவே என்பது. வந்திருக்கின்றன, அவையே இந்த வாதத்துக்கு வலிய சான்று. புவனேஸ்வரிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வே நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ரோகு மேம்பாட்டுப் பணியைத் தொடங்கியபோது முதலில் செய்தது, கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளிலிருந்து மீன்களைத் திரட்டியதே. குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, அடையாளமிட்டு, வம்சாவளி எழுதி, தேர்ந்தெடுத்தனர். 'ஜெயந்தி' ரோகு அவ்வாறு பிறந்தது. தலைமுறைக்குச் சராசரியாக 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. யார் யாருக்குப் பிறந்தது என்று எழுதிவைத்ததன் பலன் அது. அந்த ஜெயந்தியையும் வாங்கிச்சென்று, பத்துத் தாய்களிலிருந்து மூடிய குளத்தில் பெருக்கினால், பெயர் நிற்கும், பேறு கரைந்துபோகும்.

ஆறுகளின் நிலையும் இதனோடு பிணைந்தது. மேம்படுத்த வேண்டுமாயினும் மீட்க வேண்டுமாயினும் திரும்பிச் செல்ல எஞ்சியிருக்கும் ஒரே கருவூலம் ஆற்று மீன். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் ஆறுகளில் குஞ்சு விடப்படுகிறது. நோக்கம் நன்று. விடும் குஞ்சு அந்தந்த ஆற்றின் தாய்மீன்களுக்கே பிறந்ததாகவும், பல தாய்களுக்குப் பிறந்ததாகவும் இருந்தால் அது ஆற்றுக்குச் செய்யும் கைம்மாறு. குறைந்த தாய்களின் பண்ணைக்குஞ்சை இலட்சக்கணக்கில் கொட்டினால் கருவூலத்துக்குள் கள்ளநாணயத்தைக் கொட்டுவதாகும். படகில் நின்று குஞ்சு விடும் நிழற்படத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

கேட்கப்படுவது பெரிதன்று. பொரிப்பகம் பெறும் அங்கீகாரத்துக்குத் தாய்மீன் குறிப்பேடு நிபந்தனையாக வேண்டும். குஞ்சு விற்கும் சீட்டில் இனத்தோடு தாய்மீன்களின் தொகையும் அவை வந்த இடமும் எழுதப்பட வேண்டும். தூண்டுமுறை இனப்பெருக்கம் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டிலும், ஊசியின் அளவு அச்சாகும் அதே அட்டவணையில், சினைமீன்களின் தொகையும் வழியும் இடம்பெற வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கத் தொடங்கினாலே ஐந்தாண்டுகளில் ஆய்வின் போக்கு மாறும்.

சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் ஆற்றுக்காகக் காத்திருக்கும் நிலையிலிருந்து குளக்காரரை விடுவித்தனர். ஆறு அதுவரை சுமந்துவந்த பொறுப்பை ஏற்காமல் அந்த விடுதலையை மட்டும் கொண்டாடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்த ஜூலை 10 அன்று மேடையில் ஏறுவோர், அவ்வாண்டு எத்தனை கோடிக் குஞ்சு என்று வாசிப்பதற்கு முன், எத்தனை தாய்கள் என்று வாசிக்கட்டும்.