ஊசி மருந்துக்கும் ஒரு மேல்பூச்சு

போன இதழில், சில மாத்திரைகளின் மேல்பூச்சை உடைத்துப் பொடி செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? படித்துவிட்டு என் மருமகள் மடக்கினாள்: "மாத்திரைக்குச் சரி அத்தை, ஊசி மருந்துக்குமா பூச்சு?"

அதுக்கும் உண்டு, சகோதரிகளே.

பிரசவத்தில் தையல் போட்டு, "பிரிக்க வேண்டாம், தானே கரைஞ்சுடும்" என்கிறார்களே, அந்த நூலின் இனத்தைச் சேர்ந்த பாலிமரில் மருந்தைப் பொதிந்து துகளாக்குகிறார்கள். உடம்புக்குள் அது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமுமாகச் சிதைந்துவிடும். லாக்டிக் அமிலம் நமக்குப் புதிதா? தயிரின் புளிப்பே அதுதான்! துகளின் அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

சிக்கல் என்னவென்றால், இது ரத்தத்தில் கலந்ததும் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். உடனே கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள காவல் செல்கள் 'இது அந்நியம்' என்று விழுங்கிவிடும். சில நிமிஷத்தில் எல்லாம் காலி. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

பலாப்பழம் அரியும்போது பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அந்த யுக்திதான். இங்கே எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற இழைகளைத் துகளின்மேல் பிரஷ் மாதிரி நிறுத்தினால், அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதம் எளிதில் ஒட்டாது. 1994-இல் ருக்ஸாண்ட்ரா கிரெஃப் என்ற பெண் விஞ்ஞானியும் ராபர்ட் லாங்கரும் குழுவினரும் இதை எலிகளிடம் சோதித்தார்கள். பூச்சிட்ட துகள்கள் ரத்தத்தில் வெகுநேரம் சுற்றின, கல்லீரலில் சேர்ந்ததும் குறைவு. துகளின் எடையில் 45 சதவீதம் வரை மருந்தை அடைக்கவும் முடிந்ததாம். மறு வருஷமே, 1995-இல், டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதே பூச்சோடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. துகள் மட்டும் பாலிமர் அல்ல, கொழுப்பு.

ஆனால் இந்தப் பூச்சையும் சிலர் உடம்பு அடையாளம் கண்டுகொள்கிறது. அப்போது மருந்து சீக்கிரமே வெளியேறிவிடலாம். அபூர்வமாக ஒவ்வாமையும் வரும்.

இதே பொருள் சில மலமிளக்கிப் பவுடர்களிலும் இருக்கிறது. ஒரு தடவை அப்படியொரு பவுடரைக் கரைத்துக் குடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சூடுதான் என்று மோர் குடித்துப் படுத்துவிட்டேன். பிறகு வேறொரு ஊசிக்குப் போனபோது நர்ஸ், "ஏதாவது ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லே" என்றேன். நல்லவேளை, அந்த ஊசியில் அது இல்லை.

இப்போது என் மருத்துவ நோட்டின் முதல் வரியில் அந்தப் பவுடரின் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. எழுதியவள் மருமகள்.