மாரா வாயற்றவர் அல்லர்

சுல்தான்களுக்கு மணமுடிக்கப்பட்ட கிறிஸ்தவ இளவரசிகள் எல்லோரும் வாயில்லாப் பூச்சிகள் என்ற வாதத்தை ஏற்க முடியாது. செர்பிய இளவரசி மாரா பிராங்கோவிச்சின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு.

அரசியல் கணக்குக்காகத்தான் 1436இல் அவரை ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராதுக்குக் கொடுத்தார்கள். 1441இல் அதே முராதின் ஆணைப்படி அவருடைய சகோதரர்கள் இருவரின் கண்கள் பறிக்கப்பட்டன. இந்தக் கொடுமையை யாரும் பூசி மெழுக வேண்டாம். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

மாரா கடைசிவரை மதம் மாறவில்லை. 1451இல் முராத் இறந்ததும் தாய்நாடு திரும்பினார். பைசாந்தியப் பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைன் பெண் கேட்டபோது, விடுதலை கிடைத்தால் மறுமணம் செய்வதில்லை எனக் கடவுளிடம் நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மறுத்தார். பிற்காலத்தில் முராதின் மகன் இரண்டாம் மெஹ்மத் அவருக்கு ஜெஜெவோவில் இடமளித்தார். அங்கிருந்தபடி மாரா ஆதோஸ் மலையின் கிறிஸ்தவ மடங்களை ஆதரித்தார். சுல்தானோடு சமாதானம் பேச வெனிஸ் குடியரசே அவர் உதவியை நாடியது.

கட்டாயத்தில் தொடங்கிய வாழ்க்கை என்பதற்காக, பிறகு அவர் எடுத்த முடிவுகளை அழித்துவிடலாமா? அவருக்காக இரங்குவது சரி. அவருடைய செயல்களை மறுப்பது அநீதி.